நல்லா வந்திருக்க வேண்டிய பையன்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பும். "நல்லா வந்திருக்க வேண்டிய பையன்ங்க, இப்படிப் பண்ணிட்டான்." கும்பகோணம், பாபநாசம், திருவையாறு, மன்னார்குடி, எங்கே போனாலும் இதைக் கேட்கலாம். மார்க் குறைந்த பிள்ளையோடு இது நிற்பதில்லை. நாற்பது வயதில் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவரையும், சிங்கப்பூர் போய் வெறுங்கையோடு திரும்பியவரையும், டிகிரியைப் பாதியில் விட்டுவிட்டு டிராக்டர் ஓட்டுகிறவரையும் இதே வார்த்தையால்தான் அளக்கிறோம். சொல்கிறவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் பழி மொத்தமும் அந்த ஒருவன் தலையில் இறங்கிவிடுகிறது. அவனிடம் திறமை இருந்தது, அவனே கெடுத்துக்கொண்டான், அவ்வளவுதான் என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அப்படி முடிக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஒரு கும்பகோணத்துக்காரரைக் கூப்பிடுகிறேன். கணித மேதை ராமானுஜன். அவர் கேம்பிரிட்ஜ் போனதும், ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியதும், 32 வயதில் இறந்ததும் நம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்துவிடும். நான் பேசப்போவது அதற்கு முந்திய ஐந்தாறு வருஷங்களைப் பற்றி. அந்த வருஷங்களில் கும்பகோணத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் ராமானுஜனைப் பற்றி "நல்லா வந்திருக்க வேண்டிய பையன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாததால் வீட்டில் காலேஜ் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த மாணவர்களிடமிருந்து பையன் கணக்கைக் கறந்துகொண்டான். 1897-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். அடுத்த வருஷம் டவுன் ஹைஸ்கூல். 1904-இல் பள்ளியை விட்டு வரும்போது கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு அவனுக்குத்தான். நூற்றுக்கு நூறு என்பது இந்தப் பையனுக்குப் போதாத மார்க் என்ற பொருளில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் சபையில் பாராட்டினார்.

அதற்கு முந்தைய வருஷம், பதினைந்து பதினாறு வயதில், ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் அவன் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் அநேகமாக இருக்காது. பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளத் தொகுத்த புத்தகம் அது. ராமானுஜன் அதில் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்தான். அங்கிருந்து தன் சொந்தக் கணக்குகளுக்குள் போய்விட்டான். வேறு எந்தப் பாடமும் அவன் மனசுக்குள் நுழையவில்லை.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பு. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய கல்லூரி. உதவித்தொகையோடுதான் உள்ளே போனான். கணக்கு மட்டும் படித்தால் அங்கே ஆகாது. ஆங்கிலம், உடலியல், கிரேக்க ரோம வரலாறு என்று எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினான். உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக் கட்டணம் 32 ரூபாய், அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். கோமளத்தம்மாள் சும்மா இருக்கவில்லை. நேரே கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்த்து, கணக்கில் என் பிள்ளைக்கு நிகர் யார், அவனுக்கு எப்படி இல்லை என்கிறீர்கள் என்று கேட்டதாக வாழ்க்கை வரலாறு எழுதிய ராபர்ட் கனிகல் சொல்கிறார். முதல்வர் மரியாதையாகத்தான் பேசினார். விதியை மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

1905 ஆகஸ்டில் பையன் வீட்டை விட்டு ஓடினான். விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான். செப்டம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து' பத்திரிகையில் காணாமல் போன பையனைப் பற்றி அறிவிப்பு வந்தது. ஃபெயில் ஆன பிள்ளை ஊரை விட்டு ஓடுவதும், வீட்டில் உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பதும், கண்டவரிடமெல்லாம் "பார்த்தீங்களா" என்று விசாரிப்பதும் நமக்குப் புதுசா? நோட்டுப் புத்தகத்தில் உலகம் காணாத கணக்கு வைத்திருந்த பையனும் அந்த வழியில் ஒருமுறை நடந்திருக்கிறான்.

திரும்பி வந்தபின் 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. கைகூடவில்லை. உடலியலில் அறவே முடியவில்லை. 1907-இல் தனித்தேர்வராக மறுபடி எழுதினான், மறுபடி ஃபெயில். அத்தோடு படிப்புக்கதவு சாத்திக்கொண்டது. பட்டமில்லை, வேலையில்லை. டியூஷன் எடுத்துப் பார்த்தான். பாடத்தில் எது வேண்டுமோ அதை விட்டு வேறெங்கோ போய்விடுவான், பிள்ளைகள் தங்கவில்லை. வீட்டுத் திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக நாள் போனது. காகிதம் வாங்கக் காசில்லை. முடிவு மட்டும் நோட்டில் ஏறியது. 1909 ஜூலையில் கல்யாணமும் செய்துவைத்தார்கள். மணப்பெண் ஜானகிக்கு வயது பத்து.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடுத்து என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டு, 1909-இல் அந்தத் தெருவில் குடியிருந்தவராக உங்களை வைத்துப் பாருங்கள். இருபத்தொரு வயது. இரண்டு காலேஜில் ஃபெயில். ஒருமுறை ஓடிப்போனவன். சம்பாத்தியம் இல்லை, கல்யாணம் ஆகிவிட்டது. பகலெல்லாம் திண்ணையில் சிலேட்டு. என்ன சொல்லியிருப்பீர்கள்?

ராமானுஜனை உலகத்துக்குக் காட்டிய கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டி, பின்னாளில் இந்த வருஷங்களைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியிருக்கிறார். ராமானுஜன் இளவயதில் இறந்ததைக் காட்டிலும், பதினெட்டு வயதுக்கு மேல் வந்த அந்த ஐந்து வருஷங்கள் வழி தெரியாமல் திசை மாறிப் போனதுதான் பெரிய சோகம் என்பது அவர் தீர்ப்பு. வளைந்துகொடுக்கத் தெரியாத ஒரு கல்விமுறை என்ன சேதம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் தனக்குத் தெரியாது என்கிற அளவுக்குப் போகிறார். ராமானுஜன் இந்தியாவில் செய்தவற்றில் கணிசமான பகுதி ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதைச் சொல்ல ஆளில்லை, நல்ல நூலகம் இல்லை. கண்டதையே தனியாக மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தான்.

ஹார்டிக்கு இதைச் சொல்லும் தகுதி இருந்தது. அவரே கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வு முறையை எதிர்த்துப் போராடியவர். முதல், இரண்டாம் இடம் என்று ஆளை வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் அங்கே 1909-ஓடு நின்றதில் அவர் பங்கு உண்டு. ராமானுஜன் திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே வருஷம்.

இனி, எப்படி மீண்டார் என்று பாருங்கள். "விடாமுயற்சியால் வென்றார்" என்று ஒற்றை வரியில் முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. விடாமுயற்சி 1905-லேயே இருந்ததே, 1907-லும் இருந்ததே. 1910-க்குப் பிறகு புதிதாக வந்தது மனிதர்கள். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். வருவாய்த்துறையில் ஏதாவது ஒரு சின்ன வேலை கேட்டு ராமானுஜன் அவரிடம் போனார். நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு, இந்த ஆளைத் தாலுக்கா ஆபீஸில் உட்கார வைக்க மனம் வரவில்லை. கடிதம் கொடுத்து சென்னைக்கு அனுப்பினார். கும்பகோணம் கல்லூரியில் பாடம் எடுத்த பி. வி. சேஷு ஐயர் அங்கே கைகொடுத்தார். நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து அனுப்பினார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் இரவில் கூட உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் சிபாரிசு எழுதினார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது.

அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காரியம் செய்தது. அதன் ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. ராமானுஜனிடம் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. இருந்தும் மாதம் 75 ரூபாய் கொடுக்க முடிவு செய்தது, மே மாதத்திலிருந்து கொடுத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அசையாத விதி அன்று அசைந்தது. மனிதர்கள் நினைத்தால் விதி அசையும் என்பதற்கு நம் ஊர்க் கதையிலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது.

நடவு நட்ட வயலைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலில் பச்சைப்பசேல் என்று இருந்த நாற்று, பறித்து நட்டதும் ஒரு வாரம் பழுத்துத் தலை தொங்கி நிற்கும். எந்த விவசாயியும் அதைப் பார்த்துவிட்டு வயலை மடக்கி உழுவதில்லை. தண்ணீர் கட்டிவைத்துக் காத்திருப்பார், வேர் பிடித்ததும் பச்சை கட்டும். பள்ளியில் கொடிகட்டிப் பறந்து காலேஜில் துவண்டு நிற்கும் பிள்ளைக்கு மட்டும் அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க நமக்குப் பொறுமையில்லை.

ஆனால் ராமானுஜன் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அவர் ஏழைதான். ஆனாலும் சன்னதித் தெரு பிராமண வீட்டுப் பிள்ளை. அவருக்குத் தட்டுவதற்குக் கதவுகள் இருந்தன. டெபுடி கலெக்டரும் கலெக்டரும் தலைமைக் கணக்கரும் அவர் போய் நின்றால் உட்காரச் சொல்லும் மனிதர்கள். அதே காலத்தில் அதே தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாளாக இருந்தவரின் பிள்ளைக்கு ஃபெயில் ஆவதற்குக்கூட ஒரு பரீட்சை இல்லை. மாடு மேய்த்தான், பிறகு அப்பா நின்ற வயலில் தானும் நின்றான். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அதற்கு முன்பும் பின்பும் அந்தக் குடிசைகளில் எத்தனை கணக்குப் புலிகள் பிறந்து, யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்தார்களோ. அவர்களைப் பற்றி "நல்லா வந்திருக்க வேண்டியவன்" என்று சொல்லக்கூட அன்று ஆளில்லை.

ராமானுஜன் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். பத்து வயதில் தாலி கட்டிக்கொண்ட ஜானகி, இருபத்தோரு வயதில் விதவை. தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்துக் கொடுத்தும் சொல்லிக் கொடுத்தும் சொந்தக் காலில் நின்றார். 1994 வரை வாழ்ந்தார். அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருப்பார் என்று யாரும் கேட்டதில்லை. திறமை வீணானதைப் பற்றிப் பேசும்போது நம் கண் முன்னால் வருவது பெரும்பாலும் பையன்கள்தான். பெண் பிள்ளைகளின் திறமையை அளக்கவே நாம் வெகுகாலம் கழித்துத்தான் ஆரம்பித்தோம்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு தம்பி, சித்தப்பா மகன். பெயர் வேண்டாம். பாபநாசம் பக்கம் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துப் பத்தாவதில் பள்ளிக்கே முதல். 2014-இல் இன்ஜினீயரிங் சேர்ந்தான். சேர்ந்த முதல் மாதமே தடுமாற்றம். வகுப்பில் மொத்தமும் ஆங்கிலம். கணக்கு தெரிந்தவனுக்குக் கேள்வி என்ன கேட்கிறது என்பது பிடிபடவில்லை. "அண்ணே, புரியலைன்னு யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னே தெரியலண்ணே" என்று பிற்பாடு சொன்னான். அரியர் சேர்ந்தது. அதோடு 2016 வந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லை, பருவமழை பொய்த்தது, சம்பா கருகியது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. சித்தப்பாவால் அந்த வருஷம் ஃபீஸ் கட்ட முடியவில்லை. தம்பி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஊர் அவனைப் பற்றி என்ன பேசியது என்று உங்களுக்கே தெரியும். அவன் சோம்பேறி என்றார்கள், செல்போனால் கெட்டான் என்றார்கள். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை என்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்க்கவில்லை. டெல்டாவில் ஒரு பிள்ளையின் படிப்பு வாய்க்கால் தண்ணீரோடு கட்டப்பட்டது. குறுவை போனால் ஃபீஸ் போகும், சம்பாவும் போனால் பிள்ளை வீட்டுக்கு வரும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னைகளைச் சாய்த்தபோது, எத்தனை வீட்டில் காலேஜ் கனவும் கூடவே சாய்ந்தது என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பிள்ளையின் புத்தியை மட்டும் எடை போடுவது எந்த ஊர் நியாயம்?

தம்பி இப்போது அறுவடை வண்டி வைத்திருக்கிறான், பெல்ட் வண்டி. ஈரவயலில் எத்தனை மா, மணிக்கணக்கு என்ன, டீசல் எவ்வளவு, மழை வருவதற்குள் யார் வயலை முதலில் முடிக்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் நெல் நிற்குமா என்று நின்ற இடத்தில் கணக்குப் போடுவான். காகிதம் தேவைப்படாது. அவன் வாழ்க்கை வீண் இல்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தருகிறான், தமிழில். அதே சமயம் அவன் இழந்ததையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவனுக்குக் கட்டடம் கட்ட ஆசை. அது நடக்கவில்லை. அந்த வருத்தம் அவனுக்கு இருக்கிறது, இருப்பது நியாயம்.

ஃபெயில் ஆன பிள்ளையைத் தேற்ற, "ராமானுஜனே ஃபெயில் ஆனவர்தான்" என்று சொல்லாதீர்கள். அது ஆறுதல் போலத் தெரியும், உண்மையில் இன்னொரு சுமை. நீயும் மேதையாகித் திரும்பி வந்தால்தான் இந்தத் தோல்வியை மன்னிப்போம் என்று சொல்வதாகிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் மேதையாக மாட்டார்கள். நர்ஸாக, எலெக்ட்ரீஷியனாக, வி.ஏ.ஓ.வாக, நல்ல விவசாயியாக வருவார்கள். அதற்கும் இரண்டாவது வாய்ப்பு தேவைப்படுகிறது. ராமானுஜனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய மேதைமையை விட, அவரைச் சுற்றி நின்ற ராமசாமி ஐயரையும் நாராயண ஐயரையும்தான்.

அந்தக் காலத்தை விட இன்றைக்கு வழிகள் அதிகம். ராமானுஜனுக்கு ஒரு ஆங்கிலத் தாள் ஐந்து வருஷத்தைத் தின்றது. இன்று பிளஸ் டூவில் தவறினால் துணைத்தேர்வு அதே கோடையில் வந்துவிடுகிறது, தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத இடம் இருக்கிறது. ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. மனசு உடைந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லி, கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், ரிசல்ட்டுக்குப் பிறகு வெளியே வராத ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். மார்க்கைக் கேட்காதீர்கள். எந்தப் பாடத்தில் எங்கே இடித்தது, ஆங்கிலமா, ஃபீஸா, வீட்டுப் பிரச்சினையா என்று கேளுங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கூடப் போங்கள். கட்டணத்தைக் கட்ட முடிந்தால் கட்டுங்கள். பாதியில் விட்டுவிட்டு வந்த இளைஞன் இருந்தால் அரியர் எழுத இன்னும் வழியிருக்கிறதா என்று அந்தக் கல்லூரியில் அவனோடு போய் விசாரியுங்கள். அதன் பிறகும் அவன் வண்டி ஓட்டத்தான் விரும்புகிறான் என்றால், முழு மரியாதையோடு அதை ஒத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் யாராவது "நல்லா வந்திருக்க வேண்டிய பையன்" என்று ஆரம்பித்தால், "நாம என்ன செஞ்சோம் அவனுக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த வருஷமே கேளுங்கள்.